ஒரு மேசை, மூன்று முகங்கள்

வாசிக்கும் முன் சிந்திப்போம்

தமிழ் வகுப்பில் நீங்கள் பலமுறை பாகமேற்று நடித்திருப்பீர்கள். கடைக்காரராக, மருத்துவராக, பேருந்து ஓட்டுநராகப் பேசியிருப்பீர்கள். அப்போது பேசியவர் நீங்களா, அந்தக் கடைக்காரரா? விடை எளிதாகத் தோன்றலாம். கீழ்வரும் பகுதியை வாசித்து முடித்த பிறகு, அதே கேள்வியை மீண்டும் கேட்டுப் பாருங்கள்.

தோல்வி என எண்ணப்பட்ட ஆட்டம்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மின்னியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரங்கள் இருக்கின்றன. 1960களின் இறுதியில் அங்குப் போர் விளையாட்டில் ஆர்வம் கொண்ட இளைஞர் குழு ஒன்று இருந்தது. சிறிய பொம்மை வீரர்களை மேசைமீது அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டி, பழைய போர்களை மீண்டும் நடத்திப் பார்ப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. இரு படைகள் மோதும். ஒரு படை வெல்லும். அத்துடன் ஆட்டம் முடியும்.

அந்தக் குழுவைச் சேர்ந்த டேவிட் வெஸ்லி என்பவர் 1969ஆம் ஆண்டில் ஒரு புதிய முயற்சியில் இறங்கினார். நெப்போலியன் காலத்துக் கற்பனை ஊர் ஒன்றை அவர் உருவாக்கினார். அதன் பெயர் பிரௌன்ஸ்டைன். இரண்டு படைகள் அந்த ஊரை நெருங்குகின்றன. படைத்தலைவர்கள் இருவர் மட்டும் விளையாடினால் மற்றவர்கள் கைகட்டி வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே, வெஸ்லி அவர்களையும் ஊர் மக்களாக்கினார். ஒருவர் நகரத் தலைவர், ஒருவர் வங்கியாளர், இன்னொருவர் பல்கலைக்கழகத் தலைவர். ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நோக்கத்தையும் கொடுத்தார்.

அதன் பிறகு நடந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. விளையாட வந்தவர்கள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கவில்லை. மூலைக்கு மூலை நின்று இரகசியம் பேசினர், பேரம் பேசினர், சூழ்ச்சி செய்தனர். இருவர் தங்களுக்குள் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை மூண்டுவிட்டதாக வந்து நின்றனர். அதற்கு விதியே எழுதப்பட்டிருக்கவில்லை. வெஸ்லி அந்த நேரத்தில் தாமே ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டியதாயிற்று. திட்டமிட்ட போரைவிட ஊருக்குள் நடந்த பேச்சே பெரிதாகிவிட்டது. ஆட்டம் கைமீறிப் போய்விட்டது, தோல்விதான் என்று அவர் நினைத்தார். ஆனால் விளையாடியவர்களோ, “அடுத்த ஆட்டம் எப்போது?” என்று ஆவலோடு கேட்டனர்.

ஒரு பொறுப்பும் ஒரு நோக்கமும் கிடைத்தவுடன் மனிதர்கள் அந்தப் பாத்திரமாகவே சிந்திக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வெஸ்லி தற்செயலாகக் கண்டுகொண்டது இதைத்தான்.

சதுரங்கத்திலிருந்து நிலவறை வரை

இத்தகைய ஆட்டங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் ஒரு வேர் இந்தியாவில் இருக்கிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் காட்டும் சதுரங்கம், பாரசீகத்தின் வழியாக மேற்கே சென்று இன்றைய செஸ் ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜெர்மானிய நாட்டினர் அந்தப் பலகையைப் பெரிதாக்கி, அதில் ஆறு, மலை போன்றவற்றையும் சேர்த்துப் போர்ப் பயிற்சி ஆட்டங்களை உருவாக்கினர். 1824ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் இதை மேலும் செம்மைப்படுத்தினார். அவருடைய ஆட்டத்தில் இரண்டு கூறுகள் முக்கியமானவை. ஒன்று, எதிர்பாராத விளைவுகளைத் தீர்மானிக்கும் பகடை. மற்றொன்று, இரு தரப்புக்கும் பொதுவாக நின்று நடந்ததைச் சொல்லும் நடுவர். இவ்விரண்டும் இல்லையென்றால் பிரௌன்ஸ்டைனும் இல்லை.

வெஸ்லியின் குழுவில் டேவ் ஆர்னசன் என்னும் இளைஞர் இருந்தார். அவர் 1970களின் தொடக்கத்தில் ‘பிளாக்மூர்’ என்னும் கற்பனை உலகத்தைப் படைத்தார். அதில் ஒவ்வொருவரும் ஒரு படையை நடத்தவில்லை. ஒரே ஒரு மனிதரை மட்டுமே நடத்தினர். அந்த மனிதர் கோட்டையின் அடியில் உள்ள இருண்ட நிலவறைகளில் நுழைவார், ஆபத்தைச் சந்திப்பார், உயிர் பிழைத்தால் அனுபவம் பெற்று, அடுத்த ஆட்டத்திலும் தொடர்வார்.

ஆர்னசனும், விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸும் இணைந்து இந்த எண்ணத்துக்கு விதிமுறை வடிவம் கொடுத்தனர். 1974ஆம் ஆண்டில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. ‘நிலவறைகளும் பறக்கும் நாகங்களும்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள்; முதல் பதிப்பில் 1,000 பெட்டிகள். மேசைப் பாகமேற்பு விளையாட்டு என்று இன்று நாம் அழைக்கும் வகையின் தொடக்கம் அதுவே.

மேசையில் என்ன நடக்கிறது?

இந்த விளையாட்டுக்குக் கணினி தேவையில்லை, திரையும் தேவையில்லை. நான்கைந்து பேர், தாள், எழுதுகோல், சில பகடைகள் ஆகியவையே போதும். ஒருவர் கதைநடத்துநர். அவர் காட்சியை விளக்குவார். வழியில் எதிர்ப்படும் மனிதர்களாகவும் பேசுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். நாடகத்தைப் போல எழுதி வைத்த வசனம் எதுவும் இல்லை. “நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்பதே கதைநடத்துநர் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்வி.

பாத்திரம் பிறக்கும் முறையும் சுவையானது. உடல்வலிமை, அறிவுத்திறன், விவேகம், சுறுசுறுப்பு, தாங்கும் ஆற்றல், பிறரை ஈர்க்கும் ஆளுமை என்னும் ஆறு தன்மைகளுக்கு எண்கள் குறிக்கப்படும். 1974ஆம் ஆண்டு விதிப்படி, ஒவ்வொரு தன்மைக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். எனவே, எண் 3 முதல் 18 வரை அமையும். 18 விழுவதற்கு 216இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. ஆகவே, எல்லாவற்றிலும் சிறந்த பாத்திரம் கிடைப்பது மிக மிக அரிது. வலிமை மிக்கவர் விவேகம் குறைந்தவராக இருக்கலாம். அறிவாளி நோஞ்சானாக இருக்கலாம். கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்பதே ஆட்டம்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். பள்ளி முடிந்த மாலை நேரம். ஒரு மேசையைச் சுற்றி நான்கு மாணவர்களும் ஒரு கதைநடத்துநரும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒரு மாணவி வகுப்பில் அதிகம் பேசாதவள். ஆசிரியர் கேள்வி கேட்டால் விடை தெரிந்திருந்தும் தலையைக் குனிந்துகொள்வாள். இங்கே அவள் ஏற்றிருப்பது ஒரு தூதரின் பாத்திரம்.

“ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஊர் தீப்பற்றி எரிகிறது. பாலத்தைக் காவலன் ஒருவன் அடைத்து நிற்கிறான். ‘அரசரின் ஆணையின்றி யாரும் கடக்க முடியாது’ என்கிறான். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று கதைநடத்துநர் கேட்கிறார்.

எல்லாரும் தூதரைப் பார்க்கிறார்கள். அவள் சற்றுத் தயங்குகிறாள். பிறகு நிமிர்ந்து உட்கார்கிறாள். “காவலரே, உங்கள் வீடும் அக்கரையில் இருந்தால் அரசரின் ஆணைக்குக் காத்திருப்பீர்களா?” என்கிறாள்.

மேசையில் ஒரு கணம் அமைதி. கதைநடத்துநர் புன்னகைக்கிறார். “நல்ல கேள்வி. காவலன் தடுமாறுகிறான். பகடையை உருட்டு” என்கிறார். அது 20 முகங்கள் கொண்ட பகடை. காவலனை இணங்கவைக்க 15 தேவை. தூதரின் பேச்சுத்திறனுக்காக 3 கூட்டிக்கொள்ளலாம். ஆகவே, 12 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். 20இல் 9 வாய்ப்புகள். பகடை உருள்கிறது. விழுந்தது 11.

ஒன்று குறைந்துவிட்டது. ஆனால் யாரும் அவளைக் குறை கூறவில்லை. காவலன் அவர்கள் நால்வரையும் பாலத்தின் அருகிலுள்ள சிறு அறையில் அடைக்கிறான். அங்கே ஏற்கெனவே அடைபட்டிருக்கும் கிழவர் ஒருவருக்கு ஆற்றைக் கடக்கும் வேறொரு வழி தெரிந்திருக்கிறது. கதை தொடர்கிறது. அந்த மாணவி தோற்றாள், ஆனால் வெட்கப்படவில்லை. பலர் முன்னிலையில் தைரியமாகப் பேசிவிட்டு, அது பலிக்காமல் போனாலும் உலகம் இடிந்து விழாது என்பதை அவள் அன்று கண்டுகொண்டாள்.

மூன்று முகங்கள்

இந்தக் காட்சியில் பேசியது யார்? இந்தக் கேள்வியை முறையாக ஆராய்ந்தவர் கேரி ஆலன் ஃபைன் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர். அவர் மின்னியாபொலிஸ் வட்டாரத்திலிருந்த விளையாட்டுக் குழுக்களில் தாமும் ஒருவராகச் சேர்ந்து விளையாடினார், உற்றுக் கவனித்தார், 1983ஆம் ஆண்டில் ‘ஷேர்டு ஃபேண்டஸி’ என்னும் நூலை வெளியிட்டார். ‘பகிர்ந்துகொண்ட கற்பனை’ என்பது அதன் பொருள்.

அவருக்கு முன்பே இர்விங் கோஃப்மன் என்னும் சமூகவியலாளர், நாம் எந்த நிகழ்வையும் ஒரு சட்டகத்துக்குள் வைத்தே புரிந்துகொள்கிறோம் என்று விளக்கியிருந்தார். இரண்டு பேர் கட்டிப் புரண்டால், அது சண்டையா, விளையாட்டா, நாடக ஒத்திகையா என்பதைச் சட்டகமே நமக்கு உணர்த்துகிறது. ஃபைன் இந்தக் கருத்தை மேசைக்குக் கொண்டுவந்தார். பாகமேற்பு விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் மூன்று சட்டகங்களில் இருக்கிறார் என்று அவர் காட்டினார்.

முதலாவது, மனிதர். நம் காட்சியில் வரும் மாணவிக்குத் தாகம் எடுக்கிறது. நாளை கணிதத் தேர்வு இருக்கிறது. ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது, விளையாட்டாளர். அவளுக்கு விதிகள் தெரியும். எத்தனை விழ வேண்டும் என்பது தெரியும். மூன்றாவது, பாத்திரம். தூதருக்குப் பகடை என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எரியும் ஊரும் எதிரே நிற்கும் காவலனும்தான்.

இந்த மூன்று முகங்களுக்கும் இடையே விளையாட்டாளர்கள் நொடிக்கு நொடி மாறுகிறார்கள். அது எளிதான செயலன்று. காவலன் உண்மையில் எதிரியின் ஒற்றன் என்று அந்த மாணவிக்குத் தெரிந்திருக்கலாம். அவள் தோழிக்குக் கதைநடத்துநர் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் அது தூதருக்குத் தெரியாது. ஆகவே, தனக்குத் தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு அவள் பேச வேண்டும். ‘எனக்குத் தெரிந்ததெல்லாம் இவருக்கும் தெரியுமா? இவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் உலகம் எப்படித் தெரியும்?’ என்று அவள் ஓயாமல் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். பிறர் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி வேறு என்ன இருக்க முடியும்?

தமிழில் விளையாடினால் இந்த மாற்றம் காதிலேயே கேட்கும். மேசையில் அமர்ந்திருக்கும் உயர்நிலை நான்கு மாணவர் ஒருவரை, உயர்நிலை ஒன்றில் பயிலும் சிறுவன் வழக்கமாக ‘அண்ணா’ என்றே அழைப்பான். ஆனால் ஆட்டத்தில் அந்தச் சிறுவன்தான் தளபதி. “தளபதியாரே, ஆணையிடுங்கள், காத்திருக்கிறோம்” என்று அண்ணன் பணிவோடு கூறுவார். தம்பி சற்றும் அசையாமல், “வடக்கு வாயிலுக்குச் செல்லுங்கள்” என்பான். அடுத்த நொடியே, “அண்ணா, அந்தத் தண்ணீர்ப் போத்தலைக் கொஞ்சம் எடுத்துத் தருகிறீர்களா?” என்பான். ஒரே வாய், இரண்டு உறவுகள். யார் யாருக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று நாம் பழகிவைத்திருப்பது, இரண்டு மணி நேரத்துக்கு இடம் மாறி உட்காருகிறது. இதுவரை பிறருடைய ஆணையை மட்டுமே கேட்டுப் பழகியவன், தன் சொல்லுக்கு நால்வர் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை உணர்கிறான். ஆணையிட்டுப் பழகியவரோ காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை உணர்கிறார்.

வேடம் கலைந்த பின்

ஆட்டம் முடிந்து பகடைகள் பெட்டிக்குள் போன பிறகு பாத்திரம் எங்கே போகிறது? பாகமேற்பு விளையாட்டை ஆராய்வோர் இங்கு ‘கசிவு’ என்னும் பொருள்படும் ஒரு சொல்லைப் பயன்படுத்துகின்றனர். ஒரு துணியின் சாயம் இன்னொரு துணியில் ஒட்டிக்கொள்வதுபோல, மனிதரின் உணர்வு பாத்திரத்துக்குள் கசிகிறது. பாத்திரத்தின் உணர்வும் மனிதருக்குள் கசிகிறது.

இந்தக் கசிவு நன்மையாக அமையலாம். காவலனிடம் பேசிய மாணவி மறுநாள் வகுப்பில் கையை உயர்த்தக்கூடும். அவள் தூதராக மாறிவிட்டாள் என்பது இதன் பொருளன்று. தூதர் பேசியபோதும் பயன்பட்டது அவள் குரல். காவலனை மடக்கிய கேள்வியைச் சிந்தித்ததும் அவள் மூளை. வேடம் அவளுக்குப் புதிய திறமையைத் தரவில்லை. ‘இது நானல்ல, தூதர்தானே’ என்று அவள் தன்னிடமே சொல்லிக்கொள்ள ஒரு சாக்கைத் தந்தது. அந்தச் சாக்கின் துணையோடு முதல் அடி வைத்துவிட்டால், இரண்டாம் அடிக்குச் சாக்குத் தேவைப்படுவதில்லை.

இதனை உணர்ந்து, இந்த விளையாட்டை இளையர் நலனுக்குப் பயன்படுத்துவோரும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இயங்கும் ‘கேம் டு குரோ’ என்னும் இலாப நோக்கமற்ற அமைப்பு, பிறரோடு பழகத் தயங்கும் இளையர்களுக்காகப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு இத்தகைய விளையாட்டுக் குழுக்களை நடத்துகிறது. ‘நண்பர்களோடு பழகக் கற்றுக்கொள்’ என்று அறிவுரை கூறினால் இளையர்கள் முகம் சுளிக்கலாம். ‘வா, நாகத்தை எதிர்த்து நிற்க ஆள் தேவை’ என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துவிடுவார்கள்.

நடக்காத நிகழ்ச்சிகளின் நினைவு

தனிமனிதரைப்போலவே நட்பையும் இந்த விளையாட்டு உருவாக்குகிறது. பெரும்பாலான விளையாட்டுகளில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்பார். இங்கே அப்படியில்லை. குழு முழுவதும் ஒன்றாகப் பிழைக்கும். அல்லது ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும். வாள்வீரர் மட்டுமே இருந்தால் பூட்டிய கதவு திறக்காது; பூட்டைத் திறப்பவர் மட்டுமே இருந்தால் காயத்துக்கு மருந்திட ஆளில்லை. வேறுபட்டவர்கள் கூடினால்தான் காரியம் நடக்கும் என்பதை விதிகளே கட்டாயமாக்குகின்றன.

மேலும், ஒரே கதை வாரக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நீளும். குழுவினர் வாரந்தோறும் ஒரே மேசையில் சந்திப்பர். “அன்று அந்தப் பாலத்தருகே மாட்டிக்கொண்டோமே, நினைவிருக்கிறதா?” என்று பிற்காலத்தில் சிரித்துக்கொள்வர். அந்தப் பாலம் எந்த நாட்டு வரைபடத்திலும் இல்லை. அந்த நிகழ்ச்சி நடக்கவேயில்லை. ஆனால் அன்று ஒருவருக்காக ஒருவர் கவலைப்பட்டது உண்மை. சேர்ந்து சிரித்ததும் உண்மை.

அச்சமும் பழியும்

புதிய பொழுதுபோக்கு எதுவும் ஐயத்துக்கு ஆளாகாமல் இருந்ததில்லை. 1979ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமற் போனார். அவர் இந்த விளையாட்டில் ஈடுபட்டவர் என்பதால், பல்கலைக்கழகத்துக்கு அடியிலுள்ள சுரங்க வழிகளில் விளையாடப்போய்த் தொலைந்துவிட்டார் என்ற செய்தி பரவியது. அவர் காணாமற் போனதற்கு விளையாட்டு காரணமன்று என்பது பின்னர்த் தெரிய வந்தது. ஆனால் அதற்குள் பழி நாடெங்கும் பரவிவிட்டது. கற்பனைக்கும் உண்மைக்கும் வேறுபாடு தெரியாமல் போகும் விளையாட்டாளர் ஒருவரைப் பற்றிய ‘மேஸஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்’ என்னும் தொலைக்காட்சிப் படம் 1982ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1980களில் இந்த விளையாட்டைத் தடுக்க வேண்டும் என்று பெற்றோர் சிலர் இயக்கமே நடத்தினர்.

அந்தப் பெற்றோரின் கவலையை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. பூட்டிய அறைக்குள் பிள்ளைகள் வேறு பெயர்களில் பேசிக்கொள்வதைக் கேட்டால் எவருக்கும் கலக்கம் வரத்தான் செய்யும். ஆனால் அவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறினர். ஃபைன் காட்டியதுபோல, விளையாட்டாளர் பாத்திரத்துக்குள் மூழ்கிப் போவதில்லை. தாகம் எடுக்கும்போது மனிதராகவும், பகடை உருட்டும்போது விளையாட்டாளராகவும் திரும்பத் திரும்ப வெளியே வருகிறார். ஒரு சட்டகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறத் தெரிந்தவர்தான் இந்த ஆட்டத்தை ஆடவே முடியும்.

காலப்போக்கில் அச்சம் தணிந்தது. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் தொடக்கத்தில், 1983ஆம் ஆண்டில் நான்கு சிறுவர்கள் வீட்டின் அடித்தளத்தில் இந்த விளையாட்டை ஆடுவதைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் அஞ்சப்பட்ட அதே மேசை, இப்போது நட்பின் அடையாளமாகக் காட்டப்படுகிறது.

மேசையைக் காப்பது யார்?

ஆயினும், இந்த விளையாட்டில் குறையே இல்லை என்று கூற முடியாது. ஃபைன் தாம் கண்ட குழுக்களில் பெரும்பாலோர் ஆண்களே என்பதையும், அவர்களுடைய கற்பனையில் பெண் பாத்திரங்கள் பல வேளைகளில் இழிவாக நடத்தப்பட்டனர் என்பதையும் மறைக்காமல் எழுதினார். எந்த உலகத்தை வேண்டுமானாலும் படைக்கலாம் என்ற உரிமை கிடைத்தபோதும், அவர்கள் தங்கள் காலத்தின் தவறான எண்ணங்களையும் உடன் சுமந்து வந்தனர். கசிவு நன்மையை மட்டும் கடத்துவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் தோழரின் பாத்திரத்தை ஏமாற்றுகிறார். அவர் பொருளைத் திருடுகிறார். அவரைக் கேலி செய்கிறார். தோழரின் முகம் வாடுகிறது. கேட்டால், “நானா செய்தேன்? என் பாத்திரம் அப்படிப்பட்டவர்” என்கிறார். தயங்குபவளுக்குத் துணிவு தந்த அதே சாக்கு, இங்கே பிறரைப் புண்படுத்தும் கேடயமாகிவிடுகிறது. பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார்? அந்தச் சொற்களைச் சொல்லலாம் என்று முடிவு செய்தவர் யார்? பாத்திரம் செய்தாலும் பொறுப்பு மனிதருக்கே உரியது. புண்பட்டதும் எதிரே அமர்ந்திருக்கும் மனிதர்தான்.

இதனால் இன்று பல குழுக்கள், கதையைத் தொடங்கும் முன் ஒருநாள் கூடிப் பேசுகின்றன. எத்தகைய கதை வேண்டும், எவற்றைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்கின்றன. சில குழுக்கள் பெருக்கல் குறியிட்ட ஓர் அட்டையை மேசையின் நடுவில் வைக்கின்றன. கதை போகும் போக்கு ஒருவருக்கு வேதனை தந்தால் அவர் அந்த அட்டையைத் தொட்டால் போதும். ஏன், எதற்கு என்று யாரும் வற்புறுத்துவதில்லை. கதை வேறு திசையில் திரும்பும். எவ்வளவு சுவையான கதையானாலும், அதைவிட மேசையில் இருக்கும் மனிதர் பெரியவர் என்பதை அந்தச் சிறிய அட்டை நினைவூட்டுகிறது.

முடிவாக

‘நான் யார்?’ என்ற கேள்வியைப் பதின்ம வயதில் எல்லாரும் கேட்கிறோம். கண்ணாடி முன் தனியாக நின்றால் அதற்கு விடை கிடைக்கும் என்று எண்ணுகிறோம். மேசைப் பாகமேற்பு விளையாட்டு வேறொன்றைச் சொல்கிறது. நாம் யார் என்பதை, நம் பேச்சைக் கேட்க ஆயத்தமாக இருக்கும் நால்வர் முன்னிலையில்தான் நாம் கண்டுகொள்கிறோம். அந்த மாணவி நிமிர்ந்து அமர்ந்ததற்குப் பகடை காரணமன்று. அவள் தயங்கிய அந்தக் கணத்தில் மற்றவர்கள் குறுக்கே பேசாமல் காத்திருந்தனர். அதுதான் காரணம்.

1969ஆம் ஆண்டில் வெஸ்லி தம் ஆட்டம் தோற்றுவிட்டது என்று நினைத்தார். விளையாடியவர்கள் படைகளை மறந்துவிட்டு ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்ததே அவருடைய கவலை. இன்று திரும்பிப் பார்த்தால், அந்தப் பேச்சுதான் ஆட்டம்.

சிந்தித்து விடையளிக்க

1. பிரௌன்ஸ்டைன் ஆட்டம் தோல்வி என்று டேவிட் வெஸ்லி ஏன் கருதினார்? கட்டுரையாளர் அக்கருத்தை ஏற்கிறாரா? காரணங்களுடன் விளக்குக.

2. மனிதர், விளையாட்டாளர், பாத்திரம் ஆகிய மூன்று முகங்களையும் உங்கள் சொந்தச் சொற்களில் வேறுபடுத்திக் காட்டுக.

3. ‘அந்தச் சாக்கின் துணையோடு முதல் அடி வைத்துவிட்டால், இரண்டாம் அடிக்குச் சாக்குத் தேவைப்படுவதில்லை.’ இவ்வரியின் பொருளை விளக்குக. ‘சாக்கு’ எப்போது தீமையாக மாறுகிறது?

4. 1980களில் பெற்றோர் சிலர் கொண்ட அச்சம் நியாயமானதா? இன்று இணைய விளையாட்டுகள் குறித்துப் பெற்றோர் கொள்ளும் அச்சத்தோடு ஒப்பிட்டு உங்கள் கருத்தை எழுதுக.

5. குழு நடவடிக்கை: நால்வர் கொண்ட குழுவாக அமர்க. ஒருவர் கதைநடத்துநராக இருந்து, பாலத்துக் காவலன் காட்சியைத் தொடர்க. ஒவ்வொருவரும் தம் இயல்புக்கு மாறான பாத்திரம் ஒன்றை ஏற்றுப் பத்து நிமிடம் தமிழில் உரையாடுக. முடிவில், பாத்திரமாகப் பேசும்போது எளிதாக இருந்த ஒன்றையும் கடினமாக இருந்த ஒன்றையும் வகுப்பில் பகிர்ந்துகொள்க.